பாட்டு எழுதுகிறவர் எந்தத் தளத்தில் இருந்தால் நல்லது?

வணக்கம் நண்பர்களே. பாட்டு எழுதி மெட்டும் நானே போடுகிறேன். குரல் மட்டும் சுமார்தான். பாடகர், இசையமைப்பாளர் யார் கண்ணிலாவது பட வேண்டும் என்று ஆசை. கைவசம் 11 பாட்டு, எல்லாம் போனில் பதிந்தவை. ஒன்றில் சரணம் முழுக்க மின்விசிறிச் சத்தம்.

ஆறு தளங்களில் கணக்குத் தொடங்கி எதையும் ஒழுங்காகக் கவனிக்கவில்லை. இனி இரண்டோடு நிறுத்தப் போகிறேன். சவுண்ட்கிளவுடில் பாட்டின் குறிப்பிட்ட நொடியிலேயே கருத்துப் போடலாம்; "இந்த இடத்தில் சொல் இடறுகிறது" என்று ஒருவர் சொன்னால் எனக்கு அது நூறு லைக்குக்குச் சமம். பேண்ட்கேம்பில் விற்கலாம், டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் டெமோவை யார் காசு கொடுத்து வாங்குவார்? ஸ்பாட்டிஃபைக்கு விநியோகஸ்தர் (நம் பாட்டை அங்கே ஏற்றித் தரும் நிறுவனம்) வழியாகப் போக வேண்டும், இப்போதைக்கு வேண்டாம். யூடியூப் ஷார்ட்ஸ் 3 நிமிடம் வரை போடலாம், சரி. முகம் காட்டாமல் வரிகளை மட்டும் ஓடவிட்டால் யாராவது நின்று பார்க்கிறார்களா?

அப்புறம், முழுப் பாட்டையும் போடுவதா, பல்லவியோடு நிறுத்துவதா? ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்ட என் வரிகள் வேறொருவர் பெயரில் எனக்கே திரும்பி வந்தன. அதிலிருந்து கொஞ்சம் பயம். இப்படிப் போட்டு உண்மையிலேயே பாடகர் கிடைத்தவர்கள் இருந்தால், எங்கே, எப்படி என்று சொல்லுங்கள்.