பழைய மடிக்கணினியில் இரண்டாவது வெளித்திரை

கேள்வி:
வணக்கம். என் மடிக்கணினி இன்டெல்லின் இரண்டாம் தலைமுறைச் செயலி கொண்டது. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லை. எச்டிஎம்ஐ போர்ட்டில் ஒரு மானிட்டரை ஏற்கெனவே பயன்படுத்துகிறேன். விஜிஏ போர்ட்டில் இன்னொன்றை இணைத்தால், அமைப்புகளில் அதன் பெயர் தெரிகிறதே தவிர, மூன்று திரைகளும் ஒருசேர இயங்க மறுக்கின்றன. கேபிளை மாற்றியும் பயனில்லை. எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் வாங்கினால் தீருமா?

மறுமொழி 1:
கேபிளில் குறையில்லை. அந்தத் தலைமுறையின் உள்ளமை கிராஃபிக்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு திரைகளை மட்டுமே இயக்கும். மடிக்கணினியின் சொந்தத் திரையும் அந்தக் கணக்கில் சேரும். மூன்று திரைகளுக்கான வசதி 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறையில்தான் தொடங்கியது. ஆகவே, திரை அமைப்புகளில் மடிக்கணினியின் திரையை அணைத்துவிட்டு, இரண்டு மானிட்டர்களையும், ஒன்றின் தொடர்ச்சியாக மற்றொன்று அமையும் நீட்டிப்பு முறையில் வைத்துப் பாருங்கள். ஸ்பிளிட்டர் வேண்டவே வேண்டாம். அது ஒரே காட்சியை இரண்டிலும் காட்டுமே ஒழிய, இடத்தைக் கூட்டித் தராது.

மறுமொழி 2:
மூன்றும் தேவையெனில், யூஎஸ்பி போர்ட் வழியே திரையை இணைக்க உதவும், டிஸ்பிளேலிங்க் சில்லு கொண்ட யூஎஸ்பி அடாப்டர் ஒரு வழி. அதற்குரிய டிரைவரை நிறுவ வேண்டும். படத்தைச் செயலியே சுருக்கி அனுப்புவதால், ஆவணங்களுக்கு அது போதுமானது. விளையாட்டுகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நொடிக்கு 5 ஜிகாபிட் வேகமுள்ள யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகுங்கள். 2.0 போர்ட்டின் 480 மெகாபிட் வேகத்தில் சுட்டிகூடத் தயங்கித் தயங்கி நகரக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
மடிக்கணினித் திரையை அணைத்ததும் இரண்டும் இயங்குகின்றன, மிக்க நன்றி. விஜிஏ வழியே வரும் எழுத்துகள் மட்டும் சற்று மங்கலாக உள்ளன.

மறுமொழி 1:
விஜிஏ அனலாக் சமிக்ஞை என்பதால் அப்படித்தான் இருக்கும். தெளிவுத்திறனை மானிட்டரின் இயல்பான அளவில் வைத்து, அதன் தானியங்கிச் சரிசெய்தல் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள்.