மறு: ‘மசகு’ வேண்டாம், ‘நீர்க்குழைவு’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வளர்ந்தவர்களுக்கான பாலியல் நலக் கைந்நூலில் சுய இன்பத்தின்போது தூய்மை பேணுவது, காயம் படாமல் காத்துக்கொள்வது பற்றிய பகுதியைத் தமிழாக்கி வருகிறேன். உராய்வு குறைவதற்காகப் பூசும் பொருளுக்கு முன்பு ‘மசகு’ என்று எழுதியிருந்தேன். அதை மீளப் பெறுகிறேன்.

காரணம் இது. போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு வீட்டு முன்கூடத்தில் ஏழெட்டுப் பெண்களுடன் வரைவை வாசித்துப் பார்த்தோம். “மசகு பூசிக்கொள்ளவும்” என்ற வரியில் விரலை வைத்து ஒருவர் கேட்டார்: “அக்கா, மசகு எண்ணெய் என்றால் சப்புகஸ்கந்தையில் சுத்திகரிக்கிறார்களே, அதுதானே?” யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர், “எண்ணெய்தான் வேண்டுமென்றால் வீட்டில் தேங்காயெண்ணெய் இருக்கிறதே” என்றார். எனக்குப் பகீர் என்றது. நம் இலங்கைச் செய்திகளில் மசகு எண்ணெய் என்றால் நிலத்தடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய். ‘எண்ணெய்’ என்று நாம் எழுதாவிட்டாலும் வாசிப்பவர் மனம் அதைச் சேர்த்துக்கொள்கிறது.

அப்படிச் சேர்வதுதான் ஆபத்து. எண்ணெய் பட்டால் இறப்பர் ஆணுறை நைந்துபோகும். கனிம எண்ணெய் பட்ட 60 வினாடிக்குள்ளேயே ஆணுறையின் வலிமை ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்ததாக 1989இல் வெளியான ஆய்வு காட்டியது. தனிமையில் வெளித்தோலில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் பெரிய கேடு இல்லை. ஆனால் சுய இன்பக் கருவியின் மேல் ஆணுறை போட்டுப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, அது தூய்மைக்கு நல்ல வழியும்கூட. அவர்கள் கையில் எண்ணெயைக் கொடுத்துவிடக் கூடாது. ஆகவே எதனால் ஆனது என்பதைச் சொல்லே சொல்லவேண்டும் என்பது என் பிடிவாதம். விளக்கக் குறிப்பை யாரும் வாசிப்பதில்லை. சொல் மட்டுமே நினைவில் நிற்கிறது.

இனி, நீங்கள் அனுப்பிய சொற்கள்.

‘உயவு’ தமிழ்நாட்டுப் பொறியியல் நூல்களில் நிலைபெற்ற சொல். மதிக்கிறேன். ஆனால் பழந்தமிழில் உயவு என்றால் வருத்தம், துன்பம். இங்கே அந்தச் சொல் புழக்கத்திலும் இல்லை. வலி வராதிருக்கப் பூசுவதற்கு வருத்தத்தின் பெயரை வைப்பானேன்?

‘நீரிழைவு’ என்று யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியபோது ஒரு நாள் முழுக்க அதையே சொல்லிப் பார்த்தேன். இழைதல் அழகான வினை. ஆனால் ஓர் எழுத்து மாறினால் நீரிழிவு! அச்சுக் கோப்பவர் திருத்தமென்று நினைத்து மாற்றிவிட்டால், சர்க்கரை நோயை எடுத்துப் பூசிக்கொள்ளச் சொன்னதாக முடியும்.

‘நீர்வழுக்கு’ எனக்கே பிடித்திருந்தது. அதை மறுத்துக் கொட்டாஞ்சேனைத் தோழி எழுதிய ஒரு வரி என்னை மாற்றிவிட்டது: “வழுக்கி விழுந்தவள் என்று பெண்களைச் சொல்லும் ஊரில் இந்தச் சொல்லா?” உண்மை. ‘கைப்பழக்கம்’ என்ற சொல்லை இதே காரணத்துக்காகத்தான் விலக்கி, ‘சுய இன்பம்’ என்று வைத்தோம். சுய இன்பம் நோயல்ல, குற்றமுமல்ல. கேடு வருவது வெட்டாத நகத்தாலும், காய்ந்த உராய்வாலும், பொருந்தாத பொருளாலும்தான்.

எனவே ‘நீர்க்குழைவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். நீரை அடிப்படையாகக் கொண்டது நீர்க்குழைவு. மற்றவை எண்ணெய்க்குழைவு, சிலிக்கோன்குழைவு. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “இறப்பர் ஆணுறையோடு நீர்க்குழைவோ சிலிக்கோன்குழைவோ பயன்படுத்தலாம், எண்ணெய்க்குழைவு கூடாது. சிலிக்கோன் கருவியின்மேல் சிலிக்கோன்குழைவு பூசினால் அதன் மேற்பரப்பு கெடலாம்.” விளக்கமே வேண்டியிருக்கவில்லை. சிலிக்கோன் வகை கூழாக அன்றி நீர்மமாக ஓடுமே என்று கேட்பீர்கள். குழைவு என்பது கூழ் மட்டுமல்ல, இளகிக் கொடுக்கும் தன்மையும்தான்.

எல்லா நீர்க்குழைவும் ஒன்றல்ல என்பதையும் அதே பக்கத்தில் சேர்க்கிறேன். உலக சுகாதார ஸ்தாபனம் 2012இல் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பின்படி, கரைபொருள் செறிவு ஒரு கிலோவுக்கு 1200 மில்லிஒஸ்மோலைத் தாண்டக் கூடாது. செறிவு மிகுந்தால் அது மென்படலத்தின் உயிரணுக்களிலிருந்து நீரை உறிஞ்சி எடுத்துவிடும். யோனிக்கு உரியதன் பி.எச். (அமிலத்தன்மை) அளவு ஏறத்தாழ 4.5 ஆக இருக்கவேண்டும். சவர்க்காரம், ஷாம்பு, தலைவலித் தைலம் எதுவும் குழைவுக்கு மாற்றல்ல, எரியும். பச்சைமிளகாய் நறுக்கிய கையை வெறும் தண்ணீரில் கழுவுவதும் போதாது.

கைந்நூலுக்கு நான் முன்வைக்கும் இரண்டாவது சொல்லைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலவாயில் பயன்படுத்தும் கருவியின் அடி அகன்றிருக்கவேண்டும். இல்லையேல் சுருக்குத்தசை அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். யோனியைப் போல அங்கே முட்டி நிற்க இடமில்லை. அந்த அகன்ற அடிக்கு ‘விரியடி’ என்று வைத்திருக்கிறேன். நான் தாதியாக இருந்த காலத்தில் ஒருவர் மூன்று நாள் வலியைப் பொறுத்துவிட்டு வந்தார். படிவத்தில் முறைப்பாடு எழுதும் இடத்தில் “வயிற்று வலி” என்றிருந்தது. நான் திரையை இழுத்துவிட்டு அருகில் உட்கார்ந்த பிறகும் அவர் வாயிலிருந்து “ஒரு சாமான்...” என்பதற்கு மேல் வரவில்லை. வெட்கம் இருந்தது, அதைவிட, சொல்வதற்கு அவரிடம் சொல் இல்லை. உள்ளே போன பொருள் வெளியே வராவிட்டால் வீட்டில் தோண்டாமல், பேதி மருந்தும் குடிக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்று கைந்நூலில் தடித்த எழுத்தில் போடுகிறேன். விறைத்த ஆணுறுப்பு மடங்கி ‘டக்’ என்ற சத்தத்துடன் வீங்கினாலும் அப்படியே, 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம்.

இந்த விடயங்களையெல்லாம் தமிழில் அச்சிட வேண்டுமா என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து பிரசவத்தையும் சத்திர வைத்தியத்தையும் தமிழில் கொண்டுவந்தார். அதற்கு அவர் உடலின் எல்லா உறுப்புகளுக்கும் சொல் தேடவேண்டியிருந்தது. அந்த வேலை இன்னும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். மட்டக்களப்பு, மலையக நண்பர்களே, உங்கள் பக்கத்தில் ‘குழைவு’ என்ற சொல்லுக்குக் கூசவைக்கும் பொருள் ஏதும் உண்டா என்று வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.