1951 செவ்ரோலெட் பிக்கப்: மட்கார்டு இணைப்புகளை மூடிவிடலாமா?

பொள்ளாச்சி தோப்பு:
வணக்கம். தாத்தா ஓட்டிய 1951 செவ்ரோலெட் 3100 பிக்கப் இருபது ஆண்டுகளாகத் தேங்காய்க் கொட்டகையில் நின்றது. எஞ்சின் வேலை முடிந்துவிட்டது. இப்போது பெயிண்டைச் சுரண்டித் தகடு தெரியும் வரை வந்திருக்கிறோம். டிங்கர் அண்ணன் நான்கு இடங்களைக் காட்டினார்: பின் மட்கார்டு சரக்குத் தொட்டியோடு சேரும் கோடு, முன் மட்கார்டு கேபினோடு சேரும் கோடு, கதவுக்கு மேலே மழைநீர் வழியும் விளிம்பு, கேபினின் கீழ் மூலையில் எப்போதோ யாரோ வைத்த ஒட்டுத் தகடு. "எல்லாவற்றையும் பற்றவைத்துப் பட்டி போட்டுத் தேய்த்துவிட்டால் ஒரே வார்ப்பில் வந்தது போல இருக்கும்" என்கிறார். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தாத்தாவின் வண்டிக்கு அந்தக் கோடுகள் இருந்தன என்பதும் நினைவுக்கு வருகிறது. திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது. என்ன செய்யலாம்?

பட்டறை மகன்:
தம்பி, நான்கையும் ஒரே கேள்வியாகப் பார்க்காதீர்கள். போல்ட் போட்ட இணைப்பு வேறு, பற்றவைத்த இணைப்பு வேறு.

உங்கள் பின் மட்கார்டு போல்ட்டில் தொங்குகிறது. இரண்டு தகடுகளுக்கும் நடுவே பீடிங், அதாவது செருகி வைக்கும் மெல்லிய பட்டை, இருக்க வேண்டும். தொட்டியில் பாரம் ஏறினால் பக்கத் தகடு வெளியே தள்ளும், மேடுபள்ளத்தில் மட்கார்டு தனியாக அதிரும். இந்த அசைவைத் தாங்கத்தான் பீடிங். அங்கே பட்டி வைத்தால் முதலில் தலைமுடி போல ஒரு விரிசல் விழும். அதன் வழியே தண்ணீர் இறங்கும். பெயிண்டுக்குக் கீழே துரு புடைத்துக்கொண்டு வரும்போதுதான் உங்களுக்கே தெரியும். அப்பாவின் பட்டறைக்கு இப்படி மூடிய ஒரு ஜீப் இரண்டாவது மழைக்காலத்திலேயே திரும்பி வந்தது. ஸ்பானரால் தட்டினால் 'டொக்' என்று செத்த ஓசை. உளியை வைத்ததும் பட்டி விரல் தடிமனில் பாளமாகக் கழன்றது. பட்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகவே கூடாது.

ஒரு சோதனை செய்யுங்கள். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் ஏற்றி, அரை அடிக் கட்டையின் மேல் நிறுத்துங்கள். கேபினுக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள சந்தை, ஏற்றும் முன்பும் ஏற்றிய பின்பும் அளந்து எழுதுங்கள்.

பொள்ளாச்சி தோப்பு:
அண்ணா, இன்று காலை செய்து பார்த்தேன். சமதரையில் மேலும் கீழும் ஒரே அளவாக இருந்த சந்து, ஒரு பக்கம் மேலே குறுகி மறுபக்கம் விரிந்துவிட்டது. கண்ணாலேயே தெரிந்தது. டிங்கர் அண்ணனும் குனிந்து பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை.

பட்டறை மகன்:
அதுதான் சேஸிஸின், அதாவது அடிச்சட்டத்தின், முறுக்கு. முன் மட்கார்டு இணைப்பையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள். அதைப் பற்றவைத்தால் நாளைக்கு ஒரு சின்ன இடி வாங்கினாலும் மட்கார்டைக் கழற்ற முடியாது, அறுக்கத்தான் வேண்டும்.

கதவுக்கு மேலே உள்ள விளிம்பு அழகுக்காக வைத்தது அன்று. கூரைத் தகடும் பக்கத் தகடும் புள்ளிப் பற்றவைப்பில் சேரும் இடமே அதுதான். அதை அறுத்தால் முழு நீளமும் மீண்டும் பற்றவைக்க வேண்டும். சூட்டில் கூரை நெளிந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு. கதவைத் திறந்ததும் மழைநீர் உங்கள் மடியில்தான் விழும்.

கீழ் மூலை ஒட்டுத் தகடு மட்டும் விதிவிலக்கு. அதைத் தாராளமாக எடுங்கள். துருப்பிடித்த பகுதியை முழுதாக வெட்டி, புதுத் தகட்டை மேலே ஏற்றி வைக்காமல் விளிம்போடு விளிம்பு பொருத்தி, புள்ளி புள்ளியாக இடம் மாற்றிப் பற்றவைக்கச் சொல்லுங்கள். அங்கே இணைப்பு தெரியாமல் தேய்ப்பதுதான் நியாயம். அது தொழிற்சாலையில் போட்ட கோடு இல்லையே.

நீலகிரி வில்லிஸ்:
நான் மாற்றிச் சொல்வேன். என் பிக்கப்பில் பின் மட்கார்டைப் பற்றவைத்து வழவழப்பாக்கினேன், ஆறு ஆண்டுகளாக விரிசல் இல்லை. அமெரிக்காவில் 1950களிலேயே இப்படிச் செய்தார்கள், அதுவும் பட்டி இல்லாமல் ஈயத்தை உருக்கி. ஆனால் உள்ளே முழு நீளமும் பற்றவைத்து முட்டுக் கொடுத்தேன், தொட்டியில் ஒரு மூட்டை கூட ஏற்றுவதில்லை. நீங்கள் தேங்காய் ஏற்றப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கால பாடிகளில் சில இணைப்புகளைத் தொழிற்சாலையே ஈயத்தால் நிரப்பியதுண்டு. சுரண்டும்போது மெத்தென்ற சாம்பல் நிற உலோகம் தென்பட்டால் கிரைண்டர் வைக்காதீர்கள், அந்தத் தூசி நஞ்சு. கை அரம் போதும்.

கோவை வின்டேஜ்:
பதிவையும் யோசியுங்கள். 2021இல் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சொந்த உபயோக வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். எண்ணில் 'விஏ' எழுத்துகள் வரும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆர்.சி. புத்தகத்தில் வாடகைச் சரக்கு வண்டி என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வின்டேஜ் பதிவு எடுத்தால் அன்றாடச் சாலையில் ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே.

பொள்ளாச்சி தோப்பு:
எல்லோருக்கும் நன்றி. டிங்கர் அண்ணனுடன் உட்கார்ந்து பேசினேன். மூலைத் தகட்டை மட்டும் வெட்டுகிறோம். மற்ற மூன்றும் அப்படியே இருக்கும். இன்று பின் மட்கார்டைக் கழற்றியபோது பழைய பீடிங்கின் ஒரு சாண் துண்டு கிடைத்தது. மண்ணைத் துடைத்தால் அடியில் தாத்தா காலத்துப் பச்சை நிறம். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். புது பீடிங் பெயிண்டுக்கு முன்பு வைப்பதா, பின்பா?

பட்டறை மகன்:
பின்புதான், தம்பி. மட்கார்டையும் தொட்டியையும் தனித்தனியாகப் பெயிண்ட் அடித்து, உள்விளிம்பு வரை நனையவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். எல்லா போல்ட்டையும் தளர்வாகப் போட்டு, பீடிங்கைச் செருகி, நடுவிலிருந்து இரு பக்கமும் இறுக்கிக்கொண்டு வாருங்கள். அந்தப் பச்சைத் துண்டைப் பெயிண்ட் கடைக்குக் கொண்டுபோங்கள்.