பிரசவ வார்டில் பயிற்சிக் காலம்: மனதை விட்டுப் போகாத ஒன்று

பயிற்சி மருத்துவர்:
லேபர் வார்டு எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரே கட்டிலில் இரண்டு பேர். ஒருவருக்குக் குழந்தை பிறந்து நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்துவிட்டது. ஆனால் கர்ப்பப்பை இறுகவில்லை, ரத்தம் நிற்கவில்லை. "கையை எடுத்துடாதீங்க டாக்டர்" என்று கத்திவிட்டு சிஸ்டர் ரத்தத்துக்காக ஓடினார். ஒரு கை உள்ளே, இன்னொரு கை வயிற்றின் மேல், நடுவில் கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்திருந்தேன். தலையை நிமிர்த்திப் பார்த்தால், கர்ப்பப்பையை இறுக வைக்கும் ஆக்சிடோசின் மருந்து கலந்த சலைன் பாட்டிலை மாட்ட ஸ்டாண்ட் இல்லாமல், கட்டிலின் மறுபாதியில் இருந்த பெண் அதைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவருக்கும் வலி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வலிக்கும் கண்ணை இறுக மூடினார், முகமெல்லாம் வியர்த்தது. கை மட்டும் இறங்கவில்லை. ரத்தம் நின்று, அந்தத் தாய் பிழைத்தார். பாட்டிலைப் பிடித்தவரை அதுவரை யாரும் பரிசோதிக்கக்கூட இல்லை. மறுநாள் போனபோது அந்தக் கட்டிலில் வேறு இரண்டு பேர்.

செவிலியர் மாணவி:
சிஸ்டர் கத்தினார் என்கிறீர்கள் டாக்டர். அந்த நேரத்தில் வேறு எப்படிச் சொல்வார்? நான் கேட்ட கத்தல் வேறு. தலைப்பிரசவம், சின்னப் பெண். "சத்தம் போட்டா வெளியே அனுப்பிடுவேன்" என்று ஒருவர் அதட்டிவிட்டுப் போனார். அடுத்த வலியில் அவள் தன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டாள். நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன், பல் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது. அவளுடைய அம்மா கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தார். பிரசவத்தில் பெண் விரும்பும் ஒருவர் கூட இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. ஆனால் எங்கள் வார்டில் கட்டில்களுக்கு நடுவே திரை இல்லை என்பதால் யாரையும் உள்ளே விடுவதில்லை. ஒரு திரைத்துணிதான் குறை!

மூத்த மருத்துவர்:
எங்கள் வார்டில் ஒரு தாய் பிரசவத்துக்குப் பின் இப்படி ரத்தம் போய்த்தான் இறந்துவிட்டார். மெத்தைக்கு அடியில் தேங்கிய ரத்தத்தை அப்புறம்தான் பார்த்தார்கள். அதனால் பயிற்சியில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், கண்ணளவை நம்பாதீர்கள், ரத்தப்போக்கு அதிகமாக ஆக அது குறைத்துத்தான் காட்டும். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை இடுப்புக்கு அடியில் விரியுங்கள். 2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வைத் தேடிப் படியுங்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்தது. இப்படி அளந்து, கர்ப்பப்பை மசாஜ், ஆக்சிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், சலைன், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றுக்காக ஒன்று காத்திராமல் சேர்த்தே செய்தார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் நேரும் மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. டிரானெக்ஸாமிக் 1 கிராம், குழந்தை பிறந்த 3 மணி நேரத்துக்குள். ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. டிரேயில் வெக்கையில் கிடந்த ஆம்பூலைப் போட்டுவிட்டு ஏன் இறுகவில்லை என்று கேட்காதீர்கள். ஷிப்ட் ஏறியதும் முதலில் ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள்.

செவிலியர் மாணவி:
சார், அதே ஆய்வில் முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தாயைப் பார்த்தார்கள். ரத்தம், கர்ப்பப்பை, நாடி, பிரஷர் எல்லாம். எங்கள் வார்டில் இரவுக்கு ஒரே சிஸ்டர். அவர் ஒரு பிரசவம் பார்க்கும்போது மற்றவர்களின் விரிப்பை யார் போய்ப் பார்ப்பது? விரிப்பு கேட்டு நீங்கள் மேலிடத்துக்கு எழுதும் கடிதத்திலேயே இன்னொரு சிஸ்டரையும் கேட்டு எழுதுங்கள் சார். உங்கள் கையெழுத்து இருந்தால்தான் அங்கே படிப்பார்கள்.