பிரிட்டனில் லாரி டிரைவர் தட்டுப்பாடு: ஏஜென்ட் சொல்லும் விசா உண்மையா?

எண்ணூர்_ரோடு (கேள்வி):
சித்தப்பா மகன் எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் 40 அடி கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான். ஹெவி லைசென்ஸ், பேட்ஜ் எல்லாம் இருக்கிறது. வடசென்னையில் ஒரு ஏஜென்ட், "பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் யுகே-வில் ஒரு லட்சம் டிரைவர் பற்றாக்குறை, ஸ்பான்சர்ஷிப் லெட்டர் ரெடி, இப்போ 3 லட்சம் கட்டுங்க, மீதி விசா வந்ததும்" என்கிறார். 2021-ல் அங்கே பெட்ரோல் பங்கில் ஸ்டாக் இல்லாமல் ராணுவத்தை இறக்கியதெல்லாம் செய்தியில் வந்ததுதானே? அவ்வளவு ஆள் தேவை என்றால் விசா தரத்தானே செய்வார்கள்? வீட்டில் நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விசா_விதி:
இன்றைக்கே பேசி நகை அடகைத் தடுத்துவிடுங்கள். லாரி டிரைவர் வேலைக்கு பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசா ஒருநாளும் திறக்கவில்லை. 2021 ஜனவரியில் வந்த புதிய முறையில் வேலைக்குக் குறைந்தது 3-ஆம் நிலைத் தகுதி (நம்ம பிளஸ் டூ அளவு) வேண்டும். லாரி ஓட்டுவதை 2-ஆம் நிலையில் வைத்திருக்கிறார்கள். 2025 ஜூலை 22 முதல் அந்த வரம்பு பட்டப்படிப்பு அளவுக்கு, 6-ஆம் நிலைக்குப் போய்விட்டது. பொதுவான சம்பள வரம்பும் ஆண்டுக்கு 41,700 பவுண்டு.

ஏஜென்ட் காட்டுவது 2021 செப்டம்பர் அறிவிப்பாக இருக்கும். அப்போது வெளிநாட்டு லாரி டிரைவர்களுக்கு 5,000, கோழி இறைச்சி ஆலைகளுக்கு 5,500 தற்காலிக விசா என்றார்கள். முதலில் டிசம்பர் 24 வரைதான் என்று சொல்லி, பிறகு டிரைவர்களுக்குச் சில மாதம் நீட்டித்தார்கள். ஐரோப்பிய டிரைவர்கள் கூட அதற்குப் பெரிதாக வரவில்லை. 2022-லேயே அந்தக் கதவை மூடிவிட்டார்கள்.

சரக்கு_கணக்கு:
"தேவை இருந்தால் விசா தருவார்கள்" என்ற நினைப்பைத்தான் ஏஜென்ட் காசாக்குகிறார். அங்கே நடந்தது வேறு, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு லட்சம் என்பது 2021-ல் அங்குள்ள சாலைச் சரக்குப் போக்குவரத்துச் சங்கம் சொன்ன மதிப்பீடு. 2020 டிசம்பர் 31-உடன் ஐரோப்பியர்கள் தடையில்லாமல் வந்து வேலை செய்யும் உரிமை முடிந்தது. கொரோனாவில் ஊருக்குப் போன போலந்து, ருமேனியா டிரைவர்களில் பலர் திரும்பவில்லை. அதே ஊரடங்கில் லாரி டிரைவிங் டெஸ்ட்டும் நின்றுபோனதால் புது ஆட்களும் வரவில்லை. 2021 ஏப்ரலில் ஒப்பந்தத் தொழிலாளர் வரி விதி மாறியதில், சொந்தக் கம்பெனி பெயரில் பில் போட்டு ஓட்டியவர்களுக்குக் கையில் நிற்கும் காசு குறைந்தது. வயதானவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டார்கள்.

சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோல் இருந்தது. டேங்கர் ஓட்டத்தான் ஆள் இல்லை. அதற்கு லாரி லைசென்ஸோடு அபாயகரச் சரக்குக்கான தனிச் சான்றும் வேண்டும் என்பதால் மற்ற டிரைவர்களைச் சட்டென்று மாற்றிவிட முடியாது. சில பங்குகள் மூடின என்ற செய்தி வந்ததும் ஜனங்கள் வரிசை கட்டி டேங்கை நிரப்ப, இருந்ததும் தீர்ந்தது. அக்டோபர் 4 முதல் ஏறக்குறைய 200 ராணுவத்தினரை இறக்கினார்கள்.

எல்லாவற்றையும் பிரெக்ஸிட் தலையில் போடுவதும் சரியில்லை. அதே செப்டம்பரில் கார்பன் டை ஆக்சைடு தட்டுப்பாடும் வந்தது. இங்கிலாந்தில் இன்ஸ், பில்லிங்ஹாம் என்ற ஊர்களிலுள்ள உர ஆலைகள் இயற்கை எரிவாயு விலை ஏறியதால் நின்றன. அம்மோனியா தயாரிப்பில் துணைப்பொருளாக வரும் அந்த வாயுவைத்தான் வெட்டும் முன் விலங்குகளை மயக்கப் பயன்படுத்துவார்கள்; அது இல்லாமல் இறைச்சிக்கூடங்கள் திண்டாடின. ஆனால் பன்றிப் பண்ணைகளில் நடந்தது பெரும்பாலும் ஆள் பற்றாக்குறை. வெட்டுபவர்கள் இல்லாமல் பன்றிகள் பண்ணையிலேயே தேங்கின. எடை வரம்பைத் தாண்டினால் ஆலை விலையைக் குறைக்கும், தீவனச் செலவும் ஏறும். கடைசியில் ஆயிரக்கணக்கில் பண்ணையிலேயே கொன்று அப்புறப்படுத்தினார்கள். சாப்பாட்டுக்கு வளர்த்ததை வீணாக்கியது இன்னும் மனதை உறுத்துகிறது.

டிரைவர் பிரச்சினையைப் பெரும்பாலும் உள்ளூர் ஆட்களை வைத்தே சமாளித்தார்கள். சம்பளம் ஏறியது, டெஸ்ட் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். 2021 நவம்பர் 15 முதல், முதலில் டிரெய்லர் இல்லாத லாரிக்கான சி வகை எடுக்காமல் நேராக டிரெய்லருக்கான சி+இ டெஸ்ட்டுக்கே போகலாம் என்று விதியை மாற்றினார்கள்.

கிண்டி_வாசகர்:
ஏஜென்ட்டைச் சோதிக்கும் வழி. ஸ்பான்சர்ஷிப் என்பது லெட்டர் கிடையாது. பிரிட்டன் அரசின் கணினியில் முதலாளி உருவாக்கும் பதிவு. அதற்கு ஒரு குறிப்பு எண்ணும் வேலைக் குறியீடும் இருக்கும். லாரி டிரைவர் குறியீடு 8211. அதில் ஸ்பான்சர் செய்யவே முடியாது. வேறு குறியீட்டில், உதாரணமாகப் போக்குவரத்து மேலாளர் என்று போட்டுத் தந்தால் இன்னும் ஆபத்து: அங்கே போய் ஸ்டீயரிங் பிடித்தால் விசா ரத்தாகும்.

ஸ்பான்சர் பட்டியல் பிரிட்டன் அரசு இணையதளத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். ஆனால் கம்பெனி பெயர் அதில் இருந்தாலே போதாது, நிஜக் கம்பெனியின் பெயரை வைத்துப் போலி லெட்டர் அடிக்கிறார்கள். விசா கட்டணத்தையும் மருத்துவக் கூடுதல் கட்டணத்தையும் விண்ணப்பிப்பவரே அரசுத் தளத்தில் நேரடியாகக் கட்டலாம்.

நம்ம பக்கம்: ஏஜென்ட்டின் பதிவு எண்ணை வாங்கி வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் கூட சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீதோடு. 3 லட்சம் கேட்டதே புகாருக்குப் போதும். சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். பணம் ஏற்கெனவே கைமாறியிருந்தால் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் மத்தியக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். வாட்ஸ்அப் செய்தி, ஜிபே விவரம் எதையும் அழிக்க வேண்டாம்.

எண்ணூர்_ரோடு:
எல்லோருக்கும் நன்றி. பணம் இன்னும் கட்டவில்லை. ஏஜென்ட் இப்போது, "அப்படின்னா கேர் ஒர்க்கர் விசாவில் போகலாம்" என்கிறார். சித்தப்பா மகனின் மனைவி ஸ்டாஃப் நர்ஸ், பிஎஸ்சி. அந்த வழியில் ஏதாவது உண்டா?

விசா_விதி:
கேர் ஒர்க்கர், அதாவது முதியோர், நோயாளிகளைப் பராமரிக்கும் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதும் அதே 2025 ஜூலை 22-உடன் நின்றுவிட்டது. அந்தப் பேச்சை விடுங்கள்.

நர்ஸ் வழி நிஜமானது, ஆனால் மெதுவானது. முதலில் ஆங்கிலத் தேர்வு: ஐஇஎல்டிஎஸ்-ல் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றிலும் 7, அல்லது மருத்துவத் துறையினருக்கான ஓஇடி தேர்வு. பிறகு அங்குள்ள நர்சிங் கவுன்சிலின் கணினித் தேர்வு, வேலை கிடைத்துப் போனபின் அங்கே செய்முறைத் தேர்வு. வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பது முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். அவர் நர்ஸாகப் போனால் கணவர் டிபெண்டன்ட்டாகப் போகலாம், அந்த விசாவில் லாரியும் ஓட்டலாம்.

அப்போதும் இந்திய ஹெவி லைசென்ஸ் அங்கே லாரிக்குச் செல்லாது. முதல் 12 மாதம் 3.5 டன் வரை கார், சின்ன வேன் ஓட்டலாம், அவ்வளவுதான். லாரிக்கு டி4 படிவத்தில் மருத்துவப் பரிசோதனை, தற்காலிக லைசென்ஸ், எழுத்துத் தேர்வு, அபாயம் உணரும் தேர்வு, சி+இ ஓட்டுத் தேர்வு, தொழில்முறை டிரைவர் சான்று, டாக்கோகிராஃப் (ஓட்டும் நேரத்தைப் பதியும் கருவி) கார்டு என்று புதிதாகத் தொடங்க வேண்டும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும் என்ற நேர விதியையும் பழகிக்கொள்ள வேண்டும்.