1968 ஜாவா: விண்டேஜ்ல பதியறதா, சாதா ரினீவலா?

குடியாத்தம்_ஜாவா:
தாத்தாவோட ஜாவா 250, மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி வண்டி, 1968. ஆர்சி புக் இருக்கு ஆனா ரினீவல் முடிஞ்சு பல வருஷம் ஆச்சு, பேரும் தாத்தா பேர்லயே கிடக்கு, அவர் இப்ப இல்ல. இஞ்சின் செஞ்சாச்சு, வண்டி ஓடுது. விண்டேஜ்ல பதியலாமா, எஃப்சி (வண்டி தகுதிச் சான்று) காட்டி சாதாவா ரினீவல் பண்ணலாமா?

ராணிப்பேட்டை_ரோட்கிங்:
விண்டேஜ்தான்ணா, யோசிக்கவே வேணாம். 50 வருஷம் தாண்டின வண்டிக்குனு 2021லயே தனி விதி வந்துடுச்சு, ஒருவாட்டி பண்ணா 10 வருஷம் கவலையில்ல. சாதான்னா 5 வருஷத்துக்கு ஒருவாட்டி ஆர்டிஓ ஆபீஸ் இன்ஸ்பெக்டர் முன்னாடி கொண்டுபோய் நிறுத்தணும். விண்டேஜுக்குனு தர்ற விஏ (VA) நம்பர் பிளேட்டோட காட்பாடி ரோட்ல போனா அவனவன் திரும்பி பாப்பான்.

ஆற்காடு_பழசு:
இன்னாபா, பாதிய படிச்சுட்டு வந்து சொல்றியே. விண்டேஜ்ல பதிஞ்சா காட்பாடி ரோட்ல சும்மா சுத்தவே கூடாது. கண்காட்சி, ரேலி, டெக்னிக்கல் ரிசர்ச், பெட்ரோல் போட, சர்வீஸுக்கு எடுத்துனு போக, அவ்ளோதான் அனுமதி. அப்புறம் விஏ சீரிஸ் புதுசா பதியற வண்டிக்குதான், ஏற்கனவே நம்பர் இருக்கற வண்டிக்கு அதே பழைய நம்பர். புதுப்பதிவுக்கு 20,000 ஃபீஸ், 10 வருஷம் கழிச்சு மறுபதிவுக்கே 5,000.

ராணிப்பேட்டை_ரோட்கிங்:
சர்வீஸுக்கு போறேன்னு சொன்னா எந்த போலீஸ் கேக்க போறாரு

ஆற்காடு_பழசு:
போலீஸ் கேக்க மாட்டாருபா. எவன் மேலயாவது இடிச்சா இன்சூரன்ஸ்காரன் கேப்பான், அப்ப இன்னா சொல்லுவ?

ராணிப்பேட்டை_ரோட்கிங்:
சரி, உங்க சாதா ரினீவல் மட்டும் சீப்பா? 300 ரூபா இருந்தத 2022ல 1,000 ஆக்கினாங்க, 2025ல 20 வருஷம் தாண்டின பைக்குக்கு 2,000. நாளைக்கு டில்லி மாதிரி 15 வருஷத்துக்கு மேல ஓட்டக்கூடாதுனு இங்கயும் வந்தா எல்லாத்தையும் ஸ்கிராப்புக்கு தள்ளவேண்டியதுதான். விண்டேஜுக்கு அந்த பயம் கிடையாது.

ஆற்காடு_பழசு:
டில்லி கதை டில்லியோட. இங்க எஃப்சி பாஸ் ஆனா ஓட்டலாம். வராத சட்டத்துக்கு பயந்து இன்னிக்கே வண்டிய ஹால்ல நிறுத்தி பூ போடணுமா?

சத்துவாச்சாரி_ஸ்பேனர்:
ரெண்டு பேரும் ஃபீஸ பத்தியே சண்ட போடறீங்க, முதல் சிக்கல் ரெக்கார்டு. தம்பி, பரிவாஹன்ல (அரசு வாகன வெப்சைட்டு) உங்க நம்பர போட்டு பாருங்க, 1968 வண்டி பெரும்பாலும் வராது, பழைய பேரேட்டுலதான் இருக்கும். 1989ல வடாற்காட்ட ரெண்டா பிரிச்சாங்க, 2019ல வேலூர மூணா பிரிச்சாங்க, அதனால எந்த ஆர்டிஓ ஆபீஸ் பேரேடுனு முதல்ல கண்டுபிடிக்கணும். பி ரிஜிஸ்டர் எக்ஸ்ட்ராக்ட் (அந்த பேரேட்டு நகல்) வாங்கி பேக்லாக் என்ட்ரி, அதாவது பழைய பதிவ கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லுங்க, அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். அப்புறம் பேர் மாத்தணும், ஃபார்ம் 31, இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், சித்தப்பா அத்தைனு எத்தன வாரிசோ அத்தன பேர் சம்மதம். பல வண்டி இந்த இடத்துலதான் படுத்துக்கும், இஞ்சின் கோளாறால இல்ல.

இன்னொண்ணு, சேஸிஸ் நம்பர பென்சில்ல தேச்சு பிரிண்ட் எடுத்து ஆர்சியோட ஒத்துப்பாருங்க, இஞ்சின் நம்பரையும்தான். எவனாவது நடுவுல வேற இஞ்சின் கேஸ் (வெளிக்கூடு) மாத்தியிருந்தா அது ஆர்சில ஏறியிருக்கணும். விண்டேஜ் கேட்டீங்கன்னா சேஸிஸ், பாடி, இஞ்சின் எதுலயும் பெரிய மாத்தம் இருக்கக்கூடாது, கமிட்டி வந்து பாக்கும்.

குடியாத்தம்_ஜாவா:
நம்பர் ரெண்டும் ஒத்துப்போகுதுணா. ஆனா 6 வோல்ட்ட 12 வோல்ட்டா மாத்திட்டேன், ஹெட்லைட் மினுக்குனு மினுக்குனு எரிஞ்சுது. ஞாயித்துக்கிழமைல பாலமதி மலை ஏறணும், அமிர்தி வரைக்கும் போகணும், அதுக்குதான் வண்டியே.

ஆற்காடு_பழசு:
அப்ப முடிஞ்சுது, சாதா ரினீவல்.

ராணிப்பேட்டை_ரோட்கிங்:
ஒண்ணும் முடியல. 12 வோல்ட்டுலாம் பெரிய மாத்தமாணா, வயரிங்தானே? பழைய காயில தூக்கி போடாம வெச்சிருந்தா திருப்பி மாட்டிக்கலாம். இப்ப ஓட்டுங்க, வேணாங்கல, விக்கணும்னு வரும்போது விண்டேஜ் பேப்பருக்கு இன்னா விலைன்னு தெரியும்.

குடியாத்தம்_ஜாவா:
விக்கறதா? அத்தை கையெழுத்தே போட மாட்டாங்க.