டைம் ஸ்டெப்பைப் பாதியாக்கியபோது விடை மாறியது: நிலநடுக்கக் கணக்கீட்டில் பட்ட அனுபவங்கள்

நிலநடுக்கப் பதிவை ஒரு கட்டட மாதிரிக்குக் கொடுத்து, அது ஆடுவதைச் சிறுசிறு நேர இடைவெளிகளாக (டைம் ஸ்டெப்) பிரித்து, ஸ்டெப் ஸ்டெப்பாகக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள். என் அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன்.

முதுகலை படிக்கும்போது நியூமார்க் முறையை நானே நிரலாக எழுதினேன். ஒரு ஸ்டெப்பின் தொடக்க நிலையிலிருந்து அதன் முடிவில் கட்டடத்தின் அசைவைக் கணக்கிட நேதன் நியூமார்க் 1959இல் தந்த முறை அது. பீட்டா, காமா என்ற இரண்டு எண்கள்தான் அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றன. காமா 1/2 ஆக இருக்கும்போது, பீட்டா 1/6 என்றால் ஒரு ஸ்டெப்புக்குள் முடுக்கம் நேர்கோட்டில் மாறுகிறது. 1/4 என்றால் இரு முனைகளின் சராசரி முடுக்கமே ஸ்டெப் முழுக்க நிற்கிறது. 1940 கலிஃபோர்னியா நிலநடுக்கத்தின் எல் சென்ட்ரோ பதிவை 0.02 நொடி இடைவெளியில் எடுத்து, 0.5 நொடி அலைவுக்காலம் கொண்ட ஒற்றை நிறைக்கு ஓட்டினேன். பீட்டா 1/6தான். விடை அச்சாகப் பொருந்தியது.

அதே நிரலைப் பத்து மாடிச் சட்டகத்துக்குக் கொடுத்தேன். முதல் நொடி முடிவதற்குள் கூரையின் இடப்பெயர்ச்சி மீட்டரில் எழுத முடியாத எண்ணாகிவிட்டது. விறைப்பு அணியில்தான் (உறுப்புகளின் விறைப்பைத் தொகுத்த எண் கட்டம்) பிழை என்று இரண்டு நாள் தேடினேன். அணியில் ஒரு பிழையும் இல்லை. சட்டகத்தில் ஓரிடத்தில் குட்டையான, மிக விறைப்பான உறுப்பு ஒன்று இருந்தது. அதனால் கடைசி மோடின் (கட்டடம் இயல்பாக ஆடும் வடிவங்களில் மிக வேகமானதன்) காலம் 0.03 நொடி. பீட்டா 1/6க்கு டைம் ஸ்டெப் அந்தக் காலத்தின் 0.551 மடங்கைத் தாண்டக்கூடாது. என்னுடையது 0.67 மடங்கு. டேம்பிங் (ஆட்டத்தைத் தேய்க்கும் தன்மை) இல்லாமல் போட்டுப் பார்த்தால், அந்த ஒரு மோடு ஒவ்வொரு ஸ்டெப்பிலும் குறி மாறி மாறிக் கிட்டத்தட்ட இரட்டிக்கிறது. ஒரு நொடிக்கு 50 ஸ்டெப். எவ்வளவு சிறிதாகத் தொடங்கினாலும் அதற்குள் பதினைந்து இலக்கப் பெருக்கம் வந்துவிடும். கட்டடத்தின் அசைவில் அந்த மோடுக்குப் பங்கே இல்லை என்றாலும் அது மொத்த விடையையும் விழுங்கிவிட்டது.

பீட்டாவை 1/4 ஆக்கினேன். எந்த ஸ்டெப்புக்கும் நிலைத்து நிற்கும் முறை. வரைபடம் அழகாக வந்தது, நெறியாளரிடம் கொண்டுபோனேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "ஸ்டெப்பைப் பாதியாக்கிப் பார்த்தாயா?"

0.01க்கும் 0.005க்கும் ஓட்டினேன். கூரை இடப்பெயர்ச்சி அசையவில்லை. மேல்மாடி முடுக்கமோ கண்ணுக்குத் தெரியும்படி மாறியது. 0.02 நொடி ஸ்டெப்பில் 1 நொடி மோடின் காலம் 0.13 சதவீதம்தான் நீள்கிறது. 0.1 நொடி மோடோ 12 சதவீதம் நீண்டு 0.112 ஆகிவிடுகிறது. நான் கணக்கிட்டது வேறொரு கட்டடத்தை. மாடியில் பொருத்தும் குழாய், கூரைப்பலகை, இயந்திரம் எல்லாவற்றின் பாதுகாப்பும் அந்த முடுக்கத்தை நம்பித்தானே இருக்கிறது? அன்றிலிருந்து பாதி ஸ்டெப்பில் ஓட்டிப் பார்க்காத எந்த விடையிலும் நான் கையெழுத்திட்டதில்லை.

மறுமொழி 1

நீங்கள் சொன்ன குட்டை உறுப்பு என்னையும் படுத்தியிருக்கிறது. நான் ஸ்டெப் ஸ்டெப்பாகக் கணக்கிடும் இன்னொரு முறையான மத்திய வேறுபாட்டு முறை பயன்படுத்தினேன். அதில் எல்லை இன்னும் இறுக்கம்: மிகக் குறைந்த காலத்தை π (3.14) ஆல் வகுத்தால் வரும் அளவு. எஃகுச் சட்டகம், 30 நொடிப் பதிவு. ஓட்டம் முடியவே மாட்டேன் என்றது. தேடினால், வரைபடத்திலிருந்து மாதிரியை எடுத்தபோது 5 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு துண்டு உறுப்பு உருவாகியிருந்தது. அந்த எல்லை, ஓர் உறுப்பை அலை கடக்கும் நேரம் அளவுதான். எஃகில் அலை நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடும். அந்தத் துண்டைக் கடக்க ஒரு மைக்ரோநொடி, ஆக ஸ்டெப்பும் அவ்வளவுதான். 30 நொடிக்கு மூன்று கோடி ஸ்டெப்! அதன் இரு முனைகளிலும் இருந்த கணுக்களை ஒன்றாக்கினேன். அடுத்த சிறிய உறுப்பு அரை மீட்டர். மூன்று லட்சம் ஸ்டெப்பில் முடிந்தது.

மறுமொழி 2

என் அனுபவம் நேரியல் அல்லாத கணக்கில், அதாவது விசையும் அசைவும் ஒரே விகிதத்தில் மாறாத கணக்கில். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டடம், நடுவே இடைவெளி, ஆட்டத்தில் ஒன்றையொன்று இடிக்கும். ஒவ்வொரு இடிக்கும் பிறகு முடுக்கத்தில் முள்முள்ளாக இரைச்சல். அதை அடக்கக் காமாவை 0.6 ஆக்கினேன், பீட்டாவையும் அதற்கேற்ப உயர்த்தினேன். இரைச்சல் போயிற்று. ஆனால் கட்டடத்தின் உண்மையான ஆட்டமும் கூடவே தேய்ந்தது. 0.01 நொடி ஸ்டெப்பில் 0.2 நொடி மோடுக்கு ஏறத்தாழ 1.6 சதவீத டேம்பிங்கை முறையே சேர்த்துவிட்டிருந்தது. நான் கொடுத்ததே 2 சதவீதம்தான்.

பிறகு ஹில்பர், ஹ்யூஸ், டெய்லர் மூவரும் 1977இல் தந்த ஆல்ஃபா முறைக்குப் போனேன். அதில் முறையே சேர்க்கும் டேம்பிங்கின் அளவை ஆல்ஃபா என்ற எண் தீர்மானிக்கும்; நான் கொடுத்தது -0.05. உயர் மோடுகள் அடங்கின, கீழ் மோடுகளுக்குச் சேதமில்லை. இதற்கு மாறுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சில நிரல்களில் டேம்பிங் சேர்க்காத ஆல்ஃபா 0, வேறு சிலவற்றில் 1. அங்கே இதே அளவுக்கு 0.95 என்று கொடுக்க வேண்டும். நான் கையேட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் எண்ணை உள்ளிட்டேன்.

தொடங்கியவர்

மறுமொழி 2 எழுதியவருக்கு: இடிக்கும் கணத்தில் ஸ்டெப்பைத் தானாகக் குறைக்க விட்டீர்களா, முழுக்க ஒரே ஸ்டெப்பா? சமநிலையில் மிஞ்சும் விசை ஒவ்வொரு ஸ்டெப்பிலும் எவ்வளவு இருந்தது என்பதையும் எழுதினால் நன்றாக இருக்கும். நானும் இப்போது அப்படியொரு மாதிரியில்தான் இருக்கிறேன்.